ஜி.என்.எம். முடித்தவர் நர்சிங் ஆசிரியராக வழி என்ன?

கேள்வி (குடியாத்தம்):
ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, வார்டில் வேலை பார்க்கிறேன். நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கணும். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:
சிஸ்டர், முதலில் 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. (ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான நர்சிங் பட்டப்படிப்பு). அதோடு 1 வருட அனுபவம் இருந்தால் டியூட்டர் என்ற தொடக்க நிலை ஆசிரியர் வேலைக்குக் கேட்கலாம். உதவிப் பேராசிரியராக எம்.எஸ்சி. நர்சிங் கட்டாயம், அது இன்னும் 2 வருடம். எம்.எஸ்சி.யில் சேர பி.எஸ்சி.யில் மொத்தம் 55% வேண்டும். பாஸானால் போதும் என்று படிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) 1946லேயே பி.எஸ்சி. நர்சிங் வந்துவிட்டது. பழைய, பெயர் பெற்ற இடம் என்று அங்கே மட்டும் நம்பி உட்காராமல் மற்ற கல்லூரிகளுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

பதில் 2:
அனுபவச் சான்றிதழில் பதவி, வார்டு, சேர்ந்த தேதி, விலகிய தேதி நான்கும் இருக்கட்டும். வேலையை விட்ட பிறகு அலைவதைவிட இப்போதே கேட்டு வாங்குங்கள். பதிவைப் புதுப்பிக்கவும் மறக்காதீங்க.

பதில் 3:
நேர்முகத்தில் டெமோ வகுப்பு கேட்பார்கள். ஒரே ஒரு திறனை எடுங்கள். ரத்த அழுத்தம் பார்ப்பது என்றால், கஃப் (கையில் சுற்றும் காற்றுப் பட்டை) சிறிதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதைச் செய்தே காட்டுங்கள். மணிக்கட்டு நாடி மறைந்த அளவுக்கு மேல் கஃப் அழுத்தத்தை 30 மி.மீ. ஏற்றி, நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. இறக்கணும். வேகமாக இறக்கினால் மேல் அளவு குறைந்து தெரியும். இந்த "ஏன்" சொல்லாத டெமோ வெறும் செய்முறைதான். பிறகு மாணவியைச் செய்யவிட்டு, செக்லிஸ்ட் வைத்துத் திருத்துங்கள். நோயாளி முன்னால் திட்டவே கூடாது. அடுத்த முறை அந்தப் பெண் சந்தேகமே கேட்க மாட்டாள்.