புதுப்பிப்பு: ஜப்பானில் துணி துவைத்த கதை

தண்டையார்பேட்டையிலிருந்து அம்மாவுடன் பத்து நாள் ஜப்பான் செல்கிறோம், துணியை எங்கே துவைப்பது என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன்; திரும்பிவிட்டதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தங்கிய விடுதியிலேயே நாணயம் போட்டு இயக்கும் சலவை இயந்திரங்கள் இருந்தன. அவை 100 யென் நாணயங்களை மட்டுமே ஏற்றதால், கடைகளில் கிடைத்த சில்லறையை அம்மா சுருக்குப்பையில் சேர்த்துவைத்தார். சோப்புத் திரவத்தை இயந்திரமே விட்டுக்கொண்டது. கொண்டுபோன பவுடர் பிரிக்காமலே திரும்பியது. உலர்த்தியின் சூட்டில் பருத்தி சுருங்கும் என்பதால், அம்மாவின் சுங்குடிப் புடவையை மட்டும் குளியலறையில் அலசி, பெரிய துண்டோடு சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, அங்கிருந்த கொடியில் நான்காக மடித்துப் போட்டேன். மறுநாள் காலையில் முந்தானை ஓரம் மட்டுமே ஈரமாக இருந்தது.