பித்தப்பையின் ஒரு பகுதியை உள்ளேயே விட்டுவிட்டார்கள்: இது அறுவையில் நேர்ந்த குறையா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 62 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துவருகிறார். பித்தப்பையில் கல் இருந்ததால், வயிற்றில் நான்கு சிறு துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பி முறையில் பையை எடுத்துவிடலாம் என்று சொல்லி அறுவை அரங்குக்கு அழைத்துச் சென்றார்கள். சொன்னதைவிட வெகுநேரம் நீண்டது. பிறகு வெளியே வந்த மருத்துவர், "உள்ளே எல்லாம் இறுகி ஒட்டிக்கொண்டிருக்கிறது, கற்களை எடுத்துவிட்டுப் பையின் மேற்பகுதியை மட்டும் வெட்டியிருக்கிறோம், கழுத்துப் பகுதியைத் தொடவில்லை" என்றார். கேஸ் ஷீட்டில் 'சப்டோட்டல் கோலிசிஸ்டெக்டமி' (பித்தப்பையை முழுதாக அல்லாமல் பகுதியாக அகற்றுவது) என்று எழுதியிருக்கிறது. கசிவை வெளியேற்ற வலப்பக்கம் பொருத்தியிருக்கும் டிரெய்ன் குழாயில் பித்தநீர் வந்துகொண்டே இருக்கிறது.

என் சித்தப்பா, முழுதாக எடுக்கத் தெரியாதவர்கள் எதற்காகக் கை வைத்தார்கள் என்று கோபப்படுகிறார். வேறு மருத்துவமனைக்கு மாற்றி மறுபடி அறுவை செய்து மீதியையும் எடுத்துவிட வேண்டும் என்கிறார். பித்தநீர் வருவதால் பித்தநாளம் வெட்டுப்பட்டுவிட்டதோ என்ற பயம் எனக்கு. இன்னொன்றும் உண்டு. முதல்முறை வலி வந்தபோது வேறோர் இடத்தில் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, வீக்கம் வற்றட்டும், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். அதற்குள் இரண்டாம் முறை வலியும் காய்ச்சலும் வந்துவிட்டன. அப்போதே செய்திருந்தால் இந்த நிலை வந்திருக்காதா?

அறுவைமேசை:

ஸ்கேனையும் ஆபரேஷன் குறிப்பையும் பார்க்காமல் உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த மருத்துவர் நிற்கவேண்டிய இடத்தில் நின்றிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பித்தப்பையை அகற்றும்போது வெட்டப்பட வேண்டியவை இரண்டே இரண்டு: பையிலிருந்து இறங்கும் சிறு நாளமும், பைக்கு இரத்தம் கொண்டுவரும் சிறு தமனியும். இவற்றுக்கு மிக அருகில், கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் பெருநாளம் ஓடுகிறது. அழற்சி முற்றிய பையில் கழுத்துப் பகுதி சுருங்கி அந்தப் பெருநாளத்தோடு ஒட்டிக்கொள்ளும்; சிறு நாளம் அந்த ஒட்டலுக்குள் மறைந்துபோய், பெருநாளமே பையிலிருந்து நேராக இறங்கிவருவதுபோலத் திரையில் தெரியும். அதைச் சிறு நாளம் என்று நம்பி கிளிப் போட்டு வெட்டிவிடுவதுதான் இந்த அறுவையில் நாங்கள் எல்லோரும் அஞ்சுகிற விபத்து. பல நேரங்களில் கல்லீரலின் வலப்பக்கத் தமனியும் அதோடு சேர்ந்து அடிபடும். அறுவை மருத்துவர் லாரன்ஸ் வே தலைமையிலான கலிபோர்னியக் குழு 252 பித்தநாளக் காயங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், அவற்றில் 97 விழுக்காட்டுக்குக் காரணம் கண் ஏமாந்துபோனதே என்றும், கைத்திறன் குறை வெறும் 3 விழுக்காட்டில்தான் இருந்தது என்றும் காட்டினார்கள். ஆகவே 'எடுக்கத் தெரியாதவர்கள்' என்ற உங்கள் சித்தப்பாவின் சந்தேகம் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது. தெளிவாகப் பார்த்துவிட்டோம் என்று முழு நம்பிக்கையோடு இருக்கும்போதே நடக்கிற விபத்து இது.

இந்த ஏமாற்றத்துக்கு எதிராகத்தான் அறுவை மருத்துவர் ஸ்டீவன் ஸ்டிராஸ்பெர்க் 1995-இல் ஒரு நிபந்தனையை வகுத்தார். சிறு நாளத்தைச் சுற்றியுள்ள முக்கோணப் பகுதியில் கொழுப்பும் நாரும் முழுவதுமாக நீக்கப்பட்டிருக்க வேண்டும். பையின் அடி மூன்றில் ஒரு பங்கு கல்லீரலிலிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். பைக்குள் நுழைபவை இரண்டே அமைப்புகள் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூன்றும் நிறைவேறாமல் கத்தரிக்கோலை உள்ளே விடுவதில்லை. நிறைவேறவில்லை என்றால் வேறு வழிக்குத் திரும்ப வேண்டும். அந்த வழிகளில் ஒன்றுதான் உங்கள் அம்மாவுக்குச் செய்திருப்பது.

வயிற்றைத் திறந்தாவது முழுதாக எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். 1882-இல் பெர்லினில் லாங்கன்பூக் முதல் பித்தப்பையை அகற்றியது திறந்த அறுவையில்தான்; 1985-இல் ஜெர்மனியின் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பி வழியாகச் செய்யும் வரை ஒரு நூற்றாண்டு அதுவே நடைமுறை. தேவைப்படும்போது திறப்பதைத் தோல்வி என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் திறந்த மாத்திரத்தில் இறுகிய நாரெல்லாம் இளகிவிடாது. அழற்சி கடுமையாக உள்ள பையை மேலிருந்து கீழாக உரித்துக்கொண்டே வந்து, தெரியாமல் கல்லீரலின் இரத்தக்குழாய்களுக்குள் போய்விட்ட மிக மோசமான காயங்களும் பதிவாகியுள்ளன. போதாக்குறைக்கு, இன்றைய இளம் மருத்துவர்களில் பலர் திறந்த முறையில் கடினமான பித்தப்பையை அதிகம் கையாளாதவர்கள்.

வார்டு_செவிலியர்:

டிரெய்ன் பற்றி மட்டும் சொல்கிறேன். பையின் கழுத்தைத் திறந்தபடி விட்டிருந்தால், அதன் வழியே சிறிது காலம் பித்தநீர் கசிவது எதிர்பார்த்ததுதான். அதை வெளியே கொண்டுவரவே குழாயை வைக்கிறார்கள். 24 மணி நேரத்துக்கு எத்தனை மில்லி என்று ஒவ்வொரு நாளும் குறித்திருப்பார்கள். அந்தத் தாளைக் கேட்டுப் பாருங்கள். அளவு நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தால் நல்லது. ஒரேயடியாக நின்றுவிட்டாலும் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். குழாய் அடைத்துக்கொண்டிருக்கலாம், அம்மா அதன்மேல் படுத்து மடங்கியிருக்கலாம். வயிறு உப்புவது, காய்ச்சல், நாடித்துடிப்பு கூடுவது, கண் மஞ்சளாவது, வலி குறைவதற்குப் பதிலாக ஏறுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் இரவானாலும் பணியில் இருக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். டிரெய்ன் குழாயோடு இணைத்திருக்கும் பையில் வெறும் பித்தநீர் மட்டும் வருகிறதா, சீழ் வாடை அடிக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

சட்டமும்_சிகிச்சையும்:

'அறுவைமேசை' சொல்வதை மருத்துவ ரீதியாக மறுக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒரு பக்கத்தை அவர் விட்டுவிட்டார். இப்படி ஒரு சாத்தியம் உண்டென்பது அறுவைக்கு முன்பே தெரிந்திருக்கும்போது, அதைக் குடும்பத்தாருக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல், ஒரு செயல்முறைக்குக் கொடுத்த ஒப்புதலை வேறொரு அறுவைக்கும் கொடுத்ததாக எடுத்துக்கொள்ள முடியாது, உயிரைக் காக்க அவசரம் இருந்தாலே ஒழிய, என்று தீர்ப்பளித்தது. அங்கே சோதனைக்காக வந்த பெண்ணின் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். இங்கே ஒப்புக்கொண்டதைவிடக் குறைவாகவே வெட்டியிருக்கிறார்கள் என்பதால் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் 'நான்கு துளை, மறுநாள் வீடு' என்று மட்டும் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால், குடும்பம் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில் வியப்பில்லை.

அறுவைமேசை:

ஏற்றுக்கொள்கிறேன். வயிற்றைத் திறக்க நேரலாம், பையின் ஒரு பகுதியை விட நேரலாம், டிரெய்னோடு சில நாள் இருக்க நேரலாம் என்ற மூன்றையும் நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்லி ஒப்புதல் படிவத்தில் எழுதுவதே முறை. சர்க்கரை நோயும் முந்தைய அழற்சியும் உள்ளவரிடம் இவற்றைச் சொல்லாமல் விடுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

குடல்நோய்_மருத்துவர்:

பித்தநாளம் வெட்டுப்பட்டுவிட்டதா என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. டிரெய்னில் பித்தநீர் வருவதை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது. பிலிரூபின் உள்ளிட்ட கல்லீரல் சோதனைகள் இயல்பாக இருந்து, அளவும் குறைந்துவந்தால் பெரும்பாலான கசிவுகள் தாமாகவே நின்றுவிடும். குறையவில்லை என்றால் பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்சிபி ஸ்கேனில் பெருநாளம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். தொடர்ச்சி இருந்து கசிவு மட்டும் நீடித்தால், ஈஆர்சிபி முறையில் வாய்வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்திப் பெருநாளத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் (சிறு குழாய்) வைப்போம். பித்தநீர் தடையில்லாமல் குடலுக்கு இறங்கத் தொடங்கியதும் கசிவு வற்றிவிடும். அந்த ஸ்டென்டைச் சில வாரங்களில் எடுத்தாக வேண்டும். வலி போய்விட்டதே என்று மறந்து, பல மாதம் கழித்து ஸ்டென்ட் அடைத்து, குளிர்காய்ச்சலும் மஞ்சள்காமாலையுமாக வந்து சேருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஸ்டென்ட் வைத்தால், எடுக்கவேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு வாரக் காத்திருப்பைப் பற்றி: வீக்கம் வற்றிய பிறகு செய்வதே பாதுகாப்பு என்பது பழைய பாடம், இன்னும் பலர் அதையே பின்பற்றுகிறார்கள். ஜெர்மன் மருத்துவர்கள் தலைமையில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில் 618 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு சாராருக்கு மருத்துவமனையில் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள்ளும், மறு சாராருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்து 7 முதல் 45 நாட்களுக்குள்ளும் அறுவை செய்தார்கள். 75 நாட்களுக்குள் ஏற்பட்ட சிக்கல்கள் முதல் பிரிவில் 11.8 விழுக்காடு, இரண்டாவதில் 34.4 விழுக்காடு. அழற்சியின் முதல் சில நாட்களில் திசுக்களில் நீர்கோத்திருக்கும், பிரிப்பது எளிது. வாரங்கள் செல்லச்செல்ல அந்த நீர் வற்றி நாராக இறுகிவிடும். ஆகவே முதல் வலியின்போதே செய்திருந்தால் எளிதாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பேன். ஆனால் அன்று சர்க்கரை எந்த அளவில் இருந்தது, வலி தொடங்கி எத்தனை நாளில் போனீர்கள் என்பதெல்லாம் தெரியாமல், அப்போது பார்த்த மருத்துவர் மீது பழி போட முடியாது.

வைகைக்கரை:

விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. தாளைப் பார்த்தேன், அளவு குறைந்துதான் வருகிறது. கண்ணில் மஞ்சள் இல்லை. ஒரே ஒரு கேள்வி மிச்சம்: உள்ளே இருக்கும் பகுதியை என்றைக்காவது எடுத்தே ஆகவேண்டுமா?

அறுவைமேசை:

பெரும்பாலும் தேவைப்படாது. சித்தப்பா சொல்வதுபோல் இப்போதே மறுபடி உள்ளே போவது, ஒட்டல் மிக மோசமாக இருக்கும் காலத்தில் அதே ஆபத்தான இடத்துக்குத் திரும்பிப் போவதாகும். அதை நான் செய்ய மாட்டேன்.

ஆனால் எந்த வகையில் விட்டிருக்கிறார்கள் என்பதைக் கேட்டு வையுங்கள். மீதிப் பகுதியைத் திறந்தே விட்டு, வேண்டுமானால் நாளத்தின் வாயை உள்ளிருந்து தைப்பது ஒரு வகை. இதில் தொடக்கத்தில் கசிவு அதிகம், பின்னாளில் தொல்லை குறைவு. மீதியை மூடித் தைத்துச் சிறு பையாக்குவது இன்னொரு வகை. இதில் கசிவு குறைவு, ஆனால் அந்தச் சிறு பையில் மீண்டும் கல் உருவாகி வலி வரலாம். உங்கள் அம்மாவுக்குக் கசிவு இருப்பதால் முதல் வகையாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆபரேஷன் குறிப்பின் நகலையும், அகற்றிய பகுதியின் பயாப்ஸி முடிவையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பல ஆண்டு கழித்து வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால், 'பித்தப்பை எடுத்தாயிற்று' என்று சொன்ன மறுகணமே மருத்துவர் வேறு காரணம் தேடப் போய்விடுவார். ஒரு பகுதி உள்ளே இருக்கிறது என்று அப்போது அவரிடம் காட்ட உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும்.