தூங்கானை மாடமும் ரோமனெஸ்க் சிற்றாலயமும்: பின்சுவர் வளைவு ஒன்றுதானா?

தண்டையார்பேட்டைவாசி:
மகன் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, லண்டன் கோட்டையின் வெள்ளைக் கோபுரத்துக்குள் அமைந்த புனித யோவான் சிற்றாலயத்தைப் பார்த்தேன். அதன் கிழக்குக் கோடி அரைவட்டமாக வளைந்திருந்ததைக் கண்டதும், சிறுவயது முதல் வலம்வந்த திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கருவறையின் பின்புறம் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதால் கேட்கிறேன்: கட்டுமான முறையிலும் உறவு உண்டா?

மண்ணடி பொறியாளர் (ஓய்வு):
ஐயா, தரையில் பார்த்தால் ஒற்றுமை உண்டு. தலைக்குமேல் பார்த்தால் இல்லை. அந்தச் சிற்றாலயத்தின் நடுக்கூடத்துக்கு மேலே, பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தாற்போல் கல் வளைவு ஓடுகிறது. வளைவு தன் பாரத்தைக் கீழே இறக்குவதோடு நில்லாமல், இருபுறச் சுவர்களையும் ஓயாமல் வெளியே தள்ளும். அதைத் தாங்கத்தான் பருத்த உருண்டைத் தூண்கள் பன்னிரண்டு, அவற்றுக்கு வெளியே பக்க நடைகள், நடைகளின்மேல் மாடம், அதற்கும் அப்பால் அடியில் ஏறத்தாழ 4.5 மீட்டர் கனமுள்ள கோட்டைச் சுவர் என்று அடுக்கடுக்காக அணை கொடுத்திருக்கிறார்கள். இத்தகைய அரைவட்ட வளைவும் கனத்த சுவரும் கொண்ட அக்கால ஐரோப்பியப் பாணியான ரோமனெஸ்க் கட்டடங்களில் சன்னல்கள் சிறுத்திருப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

நம் கற்றளிகளில், அதாவது கற்கோயில்களில், தூண்மேல் உத்தரம், உத்தரத்தின்மேல் பாவுகல். தஞ்சை விமானம்போல் உயர்த்த வேண்டுமானால், ஒவ்வொரு வரிக் கல்லையும் கீழ்வரியைவிடச் சற்று உள்ளே நீட்டிவைத்துக் குவிப்பார்கள்; பாரம் பெரும்பாலும் நேர்கீழாகவே இறங்கும். தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பிட்ட மெட்ராஸ் டெரஸ் வீட்டில் வளர்ந்த எனக்கு இந்தக் கணக்குத்தான் எளிது.

திருவொற்றியூர் கல்வெட்டு ஆர்வலர்:
காலத்தைச் சற்றுப் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆதிபுரீசுவரர் சன்னதி முதலாம் இராசேந்திரன் ஆட்சியில் (1012–1044) கருங்கல்லால் எடுக்கப்பட்டது. வெள்ளைக் கோபுரத்தை, இங்கிலாந்தை வென்ற நார்மண்டிக்காரரான மன்னர் முதலாம் வில்லியம் தொடங்கியது 1070-களில், அதாவது இங்கே குலோத்துங்கன் அரியணையேறிய பத்தாண்டில். ஒற்றியூரே ஒரு தலைமுறை மூத்தது. அங்கே மேற்பார்த்த ராசெஸ்டர் ஆயர் கண்டல்ஃபின் பெயர் நிலைத்தது, கல் செதுக்கியவர்களின் பெயர் நிலைக்கவில்லை. இங்கோ கட்டியவன் இரவி என்ற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டே கூறுகிறது.

பின்சுவர் வளைவின் பயனும் வேறு. அங்கே அது பலிபீடத்துக்கான இடம். தூண்வரிசைக்குப் பின்னால், கட்டடத்துக்குள்ளேயே அதைச் சுற்றி நடக்கலாம். இங்கே கருவறையே, படுத்த யானையின் முதுகுபோல் வளைகிறது; இதைத்தான் தூங்கானை மாடம் என்பார்கள். நாம் வெளியே சுற்றுகிறோம்.

தண்டையார்பேட்டைவாசி:
இருவருக்கும் நன்றி. அங்கிருந்த கல் வெளிறிய நிறத்தில் இருந்ததே, அது உள்ளூர்க் கல்லா?

மண்ணடி பொறியாளர் (ஓய்வு):
முழுவதும் அல்ல. செதுக்குவேலைக்குரிய கல்லை வில்லியத்தின் சொந்த நாடான, இன்றைய வட பிரான்சிலுள்ள நார்மண்டியின் கான் பகுதியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள்.