வாசெக்டமி (ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சை) செய்துகொள்ளலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கேள்வி:
எனக்கு 36 வயது. இரண்டு குழந்தைகள், இரண்டுமே சிசேரியன். மாத்திரை மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தினமும் தலைவலி. இனியும் அவளையே கஷ்டப்படுத்த மனமில்லை. நானே செய்துகொள்ள நினைக்கிறேன். ஆண்மை குறையுமா? பாரம் தூக்க முடியாமல் போகுமா?

பதில் 1:
நான் செய்து நான்கு வருடம் ஆகிறது, தம்பி. மரத்துப்போக ஊசி போட்டார்கள், அரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், இறுக்கமான உள்ளாடை. ஒரு வாரம் பாரம் தூக்கவில்லை, அப்புறம் எல்லா வேலையும் செய்கிறேன். வெட்டுவது விந்துக்குழாயை மட்டும்தான். ஹார்மோன் ரத்தத்தில் கலப்பதை அது தொடுவதே இல்லை. ஆசை, விறைப்பு எதுவும் எனக்குக் குறையவில்லை. விந்தும் வழக்கம்போல வரும், அதில் விந்தணு மட்டும் இருக்காது.

பதில் 2:
உடனே பலன் கிடைக்காது, இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள். குழாயில் தங்கிய அணுக்கள் போக சுமார் 3 மாதம் ஆகும். விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று வரும்வரை ஆணுறை கட்டாயம். நாங்கள் பரிசோதனைக்குப் போகாமல் விட்டோம், மனைவி மறுபடி கருவுற்றாள்.

பதில் 3:
திரும்ப இணைத்துக்கொள்ளலாம் என்று நம்பிச் செய்யாதீர்கள், அது எல்லோருக்கும் பலிப்பதில்லை. மனதில் சந்தேகம் இருந்தால் இப்போதைக்கு ஆணுறையோ, மனைவிக்குக் கருப்பையில் வைக்கும் காப்பர் டி-யோ போதும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. சரி, மனைவியையும் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பார்க்கிறேன்.