தெருக் குழுவைப் பூட்டி வைப்பதா, திறந்து விடுவதா?

ஆனையூர்த் தம்பி:
எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போன மாதம் என்னை அட்மின் ஆக்கினார்கள். 280 பேர் இருக்கிறார்கள். தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எங்கே போச்சு என்று கேட்கத் தொடங்கிய குழு. இப்போது காலை வணக்கப் படம், கட்சிச் சண்டை, ராத்திரி வாய்த்தகராறு என்று போகிறது. அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வில்லாபுரம் மாமா:
பூட்டிவிடு தம்பி. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியில் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை ஊரே கூடி அடித்துக் கொன்றது. அந்தச் சமயம் எங்கள் குழுவிலும் அப்படி ஒரு ஆடியோ வந்தது. நான் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால், போர்வை விற்க வந்த வடநாட்டுப் பையனைத் தெருமுனையில் பிடித்து வைத்திருக்கிறார்கள், உதடு கிழிந்திருந்தது. பூட்டும் வசதி வந்ததும் பூட்டினேன். இன்றுவரை திறக்கவில்லை.

செல்லூர் அக்கா:
மாமா, அந்தப் பையனை நினைத்தால் எனக்கும் மனசு பதறுகிறது. ஆனால் 2024 அக்டோபர் 25 மழையையும் கேளுங்கள். பந்தல்குடி கால்வாய்த் தண்ணீர் செல்லூரில் வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் குழு அப்போது பூட்டிக் கிடந்தது. அட்மின் இரண்டு பேரும் வெளியூரில். எதிர்வீட்டில் நடக்க முடியாத ஒரு பாட்டி தனியாக இருந்தார், அவர் மகனுடைய நம்பர் என்னிடம் இல்லை. "யாராவது வாங்க" என்று ஒரு வரி போட வழியில்லாமல், முழங்கால் தண்ணீரில் வீடு வீடாகக் கதவைத் தட்டினேன்.

கே.கே.நகர் ஜூனியர்:
யாரோ எழுதியதற்கு அட்மின் ஜெயிலுக்குப் போகணும் என்ற பயத்திலும் பலர் பூட்டுகிறார்கள். நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளையே 2021 டிசம்பரில், கரூர் வழக்கறிஞர்கள் குழு பற்றிய வழக்கில், வெறும் அட்மினாக இருந்தவரை அதற்காகக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அட்மினும் சேர்ந்து செய்திருந்தால் அது வேறு.

வில்லாபுரம் மாமா:
கோர்ட் என்னை விட்டுவிடும், சரி. அந்தப் பையன் வாங்கிய அடிக்கு யார் பதில் சொல்வது?

செல்லூர் அக்கா:
அதற்குத்தான் ஆள் வேண்டும் என்கிறேன். மழைக்குப் பிறகு குழுவைத் திறந்தோம், அட்மினை நாலு பேராக்கினோம். ஒருவர் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கும் நர்ஸ், ராத்திரிக் காவல் அவருடையது. யார் போட்ட பதிவையும் அட்மின் எல்லோருக்குமாக அழிக்கலாம். அழித்தால் ஏன் என்று ஒரு வரி போடுவோம். கோபக்காரரிடம் முதலில் தனியாகப் போனில் பேசுவோம். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

திருமங்கலம் மேலத்தெரு:
அட்மின்கள் யார் என்பதையும் பேசுங்கள். எங்கள் ஊர்க் குழுவில் எல்லா அட்மினும் ஒரே சாதி. அவர்கள் சாதிப் பாட்டு போட்டால் நிற்கும். எங்கள் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது என்று எழுதினால் "பொதுப் பிரச்சினை மட்டும்" என்று அழிப்பார்கள். பூட்டினாலும் திறந்தாலும் சாவி அவர்களிடம்தானே? நான் வெளியேறி ஒரு வருஷம் ஆகிறது.

வில்லாபுரம் மாமா:
இது எனக்கு உறைக்கிறது. எங்கள் குழுவிலும் மூன்று அட்மினும் முன்வரிசைத் தெருக்காரர்கள்தான். பின்தெருவிலிருந்து ஒருவரைச் சேர்க்கிறேன். ஆனால் பூட்டைத் திறக்க மாட்டேன், அக்கா. ராத்திரி கண்விழிக்க எங்களிடம் ஆள் இல்லை.

செல்லூர் அக்கா:
அப்படியென்றால் அவசரத்துக்கு மட்டும் ஒரு திறந்த குழு தனியாக வையுங்கள். மழைக்காலம் வருவதற்குள் செய்யுங்கள் மாமா.

ஆனையூர்த் தம்பி:
நான் இப்போதைக்குப் பூட்டவில்லை. தெருவுக்கு ஒருவர் என்று அட்மின் தேடுகிறேன். கிழக்குத் தெருவில் இஸ்திரிக் கடை அக்கா சம்மதித்துவிட்டார். ராத்திரிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.