பிசிஏஏ டப்பா வாங்கலாமா, வேண்டாமா?

ஜிம் நண்பர்களே, ஒரு உதவி. ஒருவர் 60 கிலோ எடை, பால் முட்டை தொடாதவர், வாரம் நான்கு நாள் எடை தூக்குகிறார். பிசிஏஏ (BCAA) தூளில் இருப்பது லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள்தான் (புரதத்தின் அடிப்படைக் கூறுகள்), பெரும்பாலும் 2:1:1 கணக்கில். தசை கட்ட ஒன்பது அத்தியாவசிய (உடம்பு தானே தயாரிக்க முடியாத) அமினோ அமிலங்களும் வேண்டும். மீதி ஆறு சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு தன் தசையை உடைத்தே எடுக்கும். கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் நாளுக்கு 96 கிராம் புரதம் உள்ளே போனால் டப்பா தண்டச் செலவுதான். 50 கிராம் மீல்மேக்கரிலேயே சுமார் 25 கிராம் தேறும்.

சிக்கல் காலை 5 மணிப் பயிற்சியில். வெறும் வயிற்றில் 10 கிராம் இஏஏ (EAA, அந்த ஒன்பதும் உள்ள தூள்) போதுமா, 30 கிராம் பட்டாணிப் புரதம் மேலா? வயிறு உப்பாமல் எது ஒத்துவருகிறது? அளவோடு சொல்லுங்கள்.