கூண்டுரு, சரவுரு, ஏட்டுரு: ஆன்டிமனி, ஆர்செனிக் ஆக்சைடுகளுக்குச் சில சொற்கள்

வணக்கம் ஐயா,

உங்கள் கலைச்சொல் பட்டியலைப் பார்த்தேன். ஒரே வேதிச்சேர்மம் இரண்டு வகைப் படிகமாக அமைவதற்கு நீங்கள் தந்த 'இருவுருமை' நன்றாக இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்வோம். அடுத்த படிதான் உறுத்துகிறது. ஆன்டிமனி டிரையாக்சைடின் இரண்டு கனிமங்களில் செனார்மான்டைட்டைக் 'கனசதுர உரு' என்றும் வாலன்டினைட்டைச் 'செஞ்சாய்சதுர உரு' என்றும் பிரித்திருக்கிறீர்கள். இவை அலகுக்கூட்டின், அதாவது படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டத்தின், வடிவத்தைச் சொல்கின்றன. உள்ளே அணுக்கள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது தெரியவில்லை. இந்தக் கனிமங்களின் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது.

செனார்மான்டைட்டில் 4 ஆன்டிமனி அணுவும் 6 ஆக்சிஜன் அணுவும் சேர்ந்து ஒரு மூடிய கூண்டு. பக்கத்துக் கூண்டோடு வலுவான பிணைப்பு கிடையாது. ஆர்செனிக் டிரையாக்சைடின் கனிமமான ஆர்செனோலைட்டும் இதே அமைப்புதான். இரண்டின் அமைப்பையும் 1923-இல் எக்ஸ் கதிர் ஆய்வின் வழி வெளியிட்டவர் போசார்த் என்ற ஆய்வாளர். வாலன்டினைட்டில் கூண்டு இல்லை, இரட்டைச் சரங்கள் நீளவாக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆர்செனோலைட்டின் இணையான கிளாடெட்டைட், அதாவது அதே ஆர்செனிக் ஆக்சைடின் மற்றொரு கனிமம், தாள் தாளாக அடுக்கியது. மெல்லிய தகடுகளாகப் பிரியும், வளைந்தும் கொடுக்கும். பார்த்தால் ஜிப்சம்தான் என்று தோன்றும், ஆனால் நஞ்சு!

ஆகவே கூண்டுரு, சரவுரு, ஏட்டுரு. 'அடுக்குரு' என்றும் யோசித்தேன். கூண்டுகளையும் அடுக்கலாமே! ஏடு என்றால் தனித்தனியாகப் பிரித்தெடுக்க வருவது என்ற பொருளும் சேர்ந்து கிடைக்கிறது.

இந்தப் பெயர்கள் கனிமம் உருவாகும் விதத்தையும் விளக்க உதவும். ஆர்செனிக் தாதுவை வறுக்கும் இடத்திலும், தீப்பற்றிய சுரங்கத்திலும் ஆர்செனோலைட் எண்முகப் படிகமாகப் படிகிறது. காரணம், ஆவியில் இருக்கும் மூலக்கூறே அந்தக் கூண்டுதான். குளிரும்போது கூண்டை உடைக்காமல் அப்படியே அடுக்கினால் போதும். கிளாடெட்டைட் ஆக வேண்டுமானால் கூண்டு திறந்து அணுக்கள் வேறு விதமாகக் கைகோக்க வேண்டும். அதுவும் அதே சூழலில் கிடைப்பதுண்டு, ஆனால் அரிது. அடர்த்தியிலும் (ஒரு கன செ.மீ.க்கு இத்தனை கிராம்) வித்தியாசம் தெரியும்: ஆர்செனோலைட் சுமார் 3.9, கிளாடெட்டைட் சுமார் 4.15. ஆன்டிமனியிலும் அப்படியே, கூண்டுரு 5.5, சரவுரு 5.7. கூண்டுகளுக்கு நடுவே இடம் வீணாகிறது.

கனிமப் பெயர்களை மட்டும் தமிழாக்க வேண்டாம். செனார்மானும் கிளாடேயும் மனிதர்கள். ஆர்செனிக் ஆக்சைடுக்கு 'வெள்ளைப் பாஷாணம்' வழக்கில் உள்ள சொல்தான், ஆனால் அது பொருளைக் குறிக்கும், கூண்டா ஏடா என்று சொல்லாது.

*

அன்பு நண்பருக்கு,

மூன்று சொற்களும் எனக்குப் பிடித்திருக்கின்றன, ஒரு திருத்தத்தோடு. நமீபியாவின் சுமெப் சுரங்கத்தில் கிடைத்த ஸ்டிபியோகிளாடெட்டைட்டை என்ன செய்வீர்கள்? அதுவும் ஏடுதான். ஆனால் ஆர்செனிக்கும் ஆன்டிமனியும் சேர்ந்தது, ஆகவே கிளாடெட்டைட்டின் இன்னோர் உரு என்று சொல்ல முடியாது. 'ஏட்டுரு' என்றால் மாணவர் அப்படித்தான் புரிந்துகொள்வார். ஒரே சேர்மத்தின் மாற்று வடிவங்களைச் சொல்லும்போது மட்டும் 'உரு' வரட்டும். பொதுவாக அமைப்பைக் குறிக்க 'ஏட்டமைப்பு', 'சரவமைப்பு', 'கூண்டமைப்பு' என்று போடலாம்.

இன்னோர் ஆன்டிமனி ஆக்சைடுக் கனிமமான செர்வான்டைட்டை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அதில் மூவிணைய (இணைதிறன் 3), ஐவிணைய (இணைதிறன் 5) ஆன்டிமனி இரண்டும் இருக்கின்றன, ஆக்சிஜன் விகிதமே வேறு.

அப்புறம், 'கூண்டு' என்பதும் 'அலகுக்கூடு' என்பதும் அடுத்தடுத்த வரியில் வந்தால் குழப்பம் வரும். 'அலகுக்கூடு' பாடநூல்களில் வேரூன்றிவிட்டது, அதை அசைக்க முடியாது. 'கூண்டு'க்கு மாற்றாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.